பக்கெட் தானாக இறங்குகிறதா? சீல் மாற்ற முன் இதைப் பாருங்கள்

அரிசி ஆலையிலும் மணல் யாட்டிலும் வேலை முடிந்து இயந்திரத்தை நிறுத்துகிறோம். முன்பக்கத்து லோடர் கை தலைக்கு மேலே நிற்கிறது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அது இடுப்பளவுக்கு இறங்கி இருக்கிறது. மறுநாள் சுபஹுக்குப் பின் வந்து பார்த்தால் பக்கெட் நிலத்தில் படுத்துக் கிடக்கிறது. யாரும் லீவரைத் தொடவில்லை. கீழே ஒரு சொட்டு ஒயிலும் இல்லை. உடனே கராஜுக்குக் கதை போகிறது. "சிலிண்டர் சீல் போயிட்டு" என்ற தீர்ப்பும் வந்துவிடுகிறது.

உழவு இயந்திரம், பெக்கோ, டிப்பர் பெட்டி என்று வைத்துத் தொழில் செய்யும் நம்மவர்கள் இந்தத் தீர்ப்புக்காகக் கொடுத்த பணம் கொஞ்சநஞ்சமல்ல. நானும் கொடுத்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அந்தக் கதையைப் பின்னர் சொல்கிறேன். இந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மெக்கானிக்கிடம் பேசப் போவது, தராசு பார்க்கத் தெரியாமல் நெல் வாங்கப் போவதைப் போன்றது. ஆகவே முதலில் விடயத்தைப் பார்ப்போம்.

ஹைட்ரோலிக் என்பதன் அடிப்படை மிகவும் எளிது. ஒயிலை அமுக்கிச் சுருக்க முடியாது என்றே சொல்லலாம். பம்ப் ஒயிலைத் தள்ளுகிறது. லீவருக்குக் கீழே உள்ள வால்வு அந்த ஒயிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. சிலிண்டருக்குள் போன ஒயில் பிஸ்டனைத் தள்ள, தண்டு வெளியே வந்து கையை உயர்த்துகிறது. லீவரை நடுவில் விட்டதும் வால்வு இரண்டு பாதைகளையும் மூடுகிறது. ஒயில் உள்ளே அடைபட்டு நிற்க, அதன் மேல் கையும் பக்கெட்டும் அதிலுள்ள சுமையும் நிற்கின்றன. எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தச் சுமையைத் தாங்குவது அடைபட்ட அந்த ஒயில்தான்.

அப்படியானால் கை இறங்குகிறது என்றால் ஒயில் எங்கேயோ வழி கண்டுபிடித்துப் போகிறது என்று பொருள். எவ்வளவு ஒயில்? இதைக் கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இரண்டரை அங்குல உட்குறுக்களவு உள்ள ஒரு சிலிண்டரிலிருந்து ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் ஒயில் வெளியேறினால் தண்டு ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக உள்ளே போகும். லோடர் கையின் அமைப்பினால் தண்டு நகரும் தூரத்தைப் போல் பல மடங்கு தூரம் பக்கெட் நகரும். நான்கு மடங்கு என்று வைத்தால், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி குறைய பக்கெட் அரை அங்குலத்தில் பாதி இறங்கிவிடும். ஒரு தேநீர்க் கோப்பை ஒயில் இடம் மாறினால் பக்கெட் பல அங்குலம் கீழே வந்துவிடும். அந்த ஒயில் வெளியே சிந்துவதும் இல்லை. வால்வுக்குள்ளால் நழுவித் தாங்கிக்குத் திரும்பிவிடுகிறது. அதனால்தான் நிலத்தில் கறை இல்லை, ஒயில் மட்டமும் குறைவதில்லை.

வால்வுக்குள்ளே நகரும் உருளைத் தண்டை ஸ்பூல் என்பார்கள். அது ஓடும் துளைக்கும் அதற்கும் நடுவே இறப்பர் சீல் எதுவும் கிடையாது. இரும்போடு இரும்பு, மிக நெருக்கமாகக் கடைந்து பொருத்தியிருப்பார்கள். இடைவெளி ஏறக்குறைய பத்து மைக்ரோன். ஒரு தலைமயிரின் தடிப்பில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். இடைவெளியே இல்லாவிட்டால் ஸ்பூல் நகராது. இடைவெளி இருந்தால் ஒயில் கொஞ்சமாவது நழுவும். ஆகவே புத்தம் புதிய இயந்திரத்திலும் கை இறங்கும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்கலாம் என்ற எல்லையைப் பல தயாரிப்பாளர்கள் தங்கள் சேவிஸ் புத்தகத்தில் தந்திருப்பார்கள். ஓர் இரவு முழுக்கத் துளியும் இறங்காத லோடரை எதிர்பார்ப்பது வீண்.

தேய்மானம் கூடும்போதுதான் விவகாரம். நெருக்கமான இடைவெளியில் நழுவும் ஒயிலின் அளவு, அந்த இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பது பொறியியல் கணக்கு. சாதாரணமாகச் சொன்னால், இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். பத்து மைக்ரோன் இருபது ஆவதைக் கண்ணால் காண முடியாது. ஆனால் ஒரு மணித்தியாலத்தில் இறங்கிய கை ஏழெட்டு நிமிடத்தில் இறங்கிவிடும். ஒயிலோடு சுற்றித் திரியும் தூசியும் மணல் பொடியும் இந்தத் தேய்மானத்தைச் செய்கின்றன. ஃபில்டரை மாற்றாமல் காசு மிச்சம் பிடிப்பவர்கள் வால்வில் அதைத் திருப்பிக் கட்டுகிறார்கள்.

அடுத்தது சூடு. ஹைட்ரோலிக் ஒயில் டின்னில் 46 என்று போட்டிருப்பது 40 பாகை செல்சியஸில் அதன் தடிப்பு. அதே ஒயில் 100 பாகைக்குச் சூடாகும்போது அந்த எண் ஏழளவுக்கு விழுந்துவிடும். ஒயில் தண்ணீராக இளகினால் அதே இடைவெளிக்குள்ளால் பல மடங்கு நழுவும். காலையில் நன்றாக நின்ற கை பகல் பன்னிரண்டு மணிக்கு நிற்காமல் இறங்குவது இதனால்தான். இந்த விடயத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பழைய இயந்திரம் வாங்கும்போது உதவும்.

சிலிண்டர் சீலின் மேல் விழும் பழி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பிஸ்டனில் உள்ள சீல் தேய்ந்தால் ஒயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்விடும், ஆகவே கை இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கையை உயர்த்தும் சிலிண்டரைப் பொறுத்தவரை இது பாதிதான் உண்மை.

ஏனென்று பாருங்கள். சிலிண்டரின் அடிப்பக்கத்தில் ஒயில் மட்டுமே இருக்கிறது. மறுபக்கத்தில் ஒயிலோடு தண்டும் இருக்கிறது. தண்டு இடத்தைப் பிடித்துக் கொள்வதால் அந்தப் பக்கம் கொள்ளும் ஒயில் குறைவு. இரண்டரை அங்குல பிஸ்டனும் ஒன்றரை அங்குலத் தண்டும் என்றால், அடிப்பக்கத்தில் பத்துக் கொத்து ஒயில் இருந்த இடத்துக்குத் தண்டுப் பக்கத்தில் ஆறரைக் கொத்துக்குக் குறைவாகவே இடமுண்டு. வால்வு இரண்டு வாசல்களையும் நன்றாக மூடியிருக்கும்போது, பத்துக் கொத்தை ஆறரைக் கொத்துப் பெட்டிக்குள் எப்படித் திணிப்பது? முடியாது. பிஸ்டன் சீலே இல்லை என்றாலும் கை சிறிது இறங்கி, இரண்டு பக்கமும் அழுத்தம் ஏறி, அப்படியே நின்றுவிடும். தொடர்ந்து கீழே இறங்கிக் கொண்டே இருக்கிறதென்றால் மீதி மூன்றரைக் கொத்து எங்கோ வெளியேறுகிறது. ஒன்றில் தண்டு வெளிவரும் வாயில் உள்ள சீலால் வெளியே ஒழுக வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும். அல்லது ஹோஸ், பொருத்துகள் எங்காவது ஈரமாக இருக்க வேண்டும். அவை இரண்டும் காய்ந்திருந்தால் குற்றவாளி வால்வுதான். ஸ்பூலோ, அந்த வால்வில் பொருத்தியிருக்கும் ரிலீஃப் வால்வோ அதற்குள் அடங்கும்.

பிஸ்டன் சீலும் போய் ஸ்பூலும் தேய்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது தண்டுப் பக்கத்திலும் அழுத்தம் ஏறும். மேலே சொன்ன அளவுகளில் அது சாதாரணமாக இருக்க வேண்டியதைப் போல் மூன்று மடங்குக்குக் கிட்டவே வரும். அந்த அழுத்தம் தேய்ந்த ஸ்பூலால் ஒயிலை விரைவாகத் தள்ளிவிடும். அதனால்தான் சீல் மாற்றியதும் சில நாட்கள் "பரவாயில்லை" என்பது போலத் தோன்றும். நோய் போகவில்லை, வேகம்தான் குறைந்திருக்கிறது.

பக்கெட் முன்னால் கவிழ்வது வேறு கதை. பல உழவு இயந்திர லோடர்களில் பக்கெட்டைக் கவிழ்க்கும்போது சிலிண்டர் தண்டு வெளியே வரும். சுமை அந்தத் தண்டை வெளியே இழுக்கிறது. இங்கே ஒயில் குறுகிய பக்கத்திலிருந்து அகன்ற பக்கத்துக்குப் போகிறது. இடம் தாராளம், மீதி இடம் வெற்றிடமாகக் கிடக்கும். ஆகவே பிஸ்டன் சீல் போனால் மட்டுமே கூட பக்கெட் தொடர்ந்து முன்னால் சாயும். கை நிற்கிறது, பக்கெட் மட்டும் தலை கவிழ்கிறது என்றால் சீலைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. தண்டு எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடுப்பதுதான் பிழை.

இன்னுமொரு கோளாறையும் இதோடு சேர்த்துக் குழப்புவார்கள். சுமையோடு கை நிற்கிறது. உயர்த்துவதற்காக லீவரை மெதுவாக இழுக்கும்போது முதலில் சற்றுக் கீழே விழுந்து பின்னர் உயர்கிறது. இது வால்வுக்குள் இருக்கும் லோட் செக் எனும் சிறிய ஒருவழி வால்வில் குப்பை சிக்கியதனால் வருவது. லீவர் நடுவில் இருக்கும்போது இறங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைச் சுத்தம் செய்வது சின்ன வேலை.

நான் கொடுத்த கூலி

2016இல் எமது அரிசி ஆலையில் உமி அள்ளவும் மூடை ஏற்றவும் என்று முன் லோடர் பூட்டிய பழைய மெஸி பேர்கசன் ஒன்றை வாங்கினேன். வாங்கி ஒரு மாதத்தில் கை இறங்கத் தொடங்கியது. எமதூர் கராஜில் இரண்டு சிலிண்டரையும் கழற்றி சீல் மாற்றினார்கள். கூலியும் சாமானுமாகப் பதினாலாயிரம் ரூபா. ஒரு கிழமை நன்றாக நின்றது போலிருந்தது. பிறகு பழைய கதை. "காக்கா, உள்ளூர் சீல், அதான். ஒரிஜினல் போடுவம்" என்றார்கள். பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பி எடுப்பித்தேன். அதுவும் சரிவரவில்லை. மூன்றாம் தடவை சிலிண்டர் உட்சுவரில் கீறல் என்று சொல்லி ஹோன் பண்ணி, திரும்பவும் சீல். ஒவ்வொரு தடவையும் ஆலையில் இரண்டு நாள் வேலை தடைப்பட்டது. உமி அள்ள ஆள் கூலி தனியாக. எல்லாம் கூட்டிப் பார்த்தபோது அந்த லோடரின் பெறுமதியில் நல்லதொரு பங்கு போயிருந்தது. கராஜ்காரர் என்னை ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இருவருமாகச் சேர்ந்து என் பணத்தைச் செலவழித்தோம்.

கடைசியில் அம்பாறை பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான பாஸ் அரை மணித்தியாலத்தில் விடயத்தை முடித்தார். அவருடைய தமிழ் கொச்சை. "முதலாளி, சிலிண்டர் ரெண்டும் நல்லம். வால்வுதான் வயசு போயிருக்கு" என்றார். சொன்னது மட்டுமல்ல, கண்ணெதிரே காட்டினார். அவர் செய்த சோதனையை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் கையால் செய்ய வேண்டாம், தெரிந்த ஆளைக் கொண்டு செய்வியுங்கள். ஆனால் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் கையை முழுவதும் உயர்த்தி, அதன் கீழே இரும்பு முட்டுக் கொடுத்தார். பல லோடர்களில் இதற்கென்றே ஒரு தாங்குதடி வரும். நம்மவர்கள் அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, ஒரு சிலிண்டரில் தண்டுப் பக்கத்து ஹோஸை மட்டும் கழற்றினார். கழற்றிய ஹோஸின் வாயை அடைப்பான் போட்டு இறுக்கினார். சிலிண்டரில் திறந்திருக்கும் துளைக்குக் கீழே ஒரு வாளி. எஞ்சினை இயக்கி, லீவரை உயர்த்தும் பக்கமாகச் சில செக்கன்கள் பிடித்தார். கை ஏற்கனவே உச்சியில் இருப்பதால் அழுத்தம் முழுவதும் பிஸ்டனின் மேல் விழும். பிஸ்டன் சீல் போயிருந்தால் திறந்த துளையால் ஒயில் நிற்காமல் வர வேண்டும். எங்களுடையதில் உள்ளே தங்கியிருந்த கொஞ்சம் வடிந்தது, பிறகு நின்றுவிட்டது. மற்றச் சிலிண்டரிலும் அதே போல்தான். மூன்று தடவை மாற்றிய சீலில் குறை எதுவும் இருக்கவில்லை.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியது ஒன்று. கழற்றுவது தண்டுப் பக்கத்து ஹோஸ். சுமையைத் தாங்கும் அடிப்பக்கத்து ஹோஸைக் கை மேலே இருக்கும்போது தளர்த்தினால் முழுக் கையும் ஒரே மூச்சில் கீழே வரும். எது எந்தப் பக்கம் என்று நிச்சயமாகத் தெரியாதவன் ஸ்பேனரைத் தொடக்கூடாது. அதே போல் ஹோஸ் கழன்றிருக்கும்போது லீவரை இறக்கும் பக்கம் தள்ளவும் கூடாது.

வால்வுதான் என்று தெரிந்த பிறகும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. கடைகளில் "வால்வு சீல் கிட்" என்று ஒரு பொதி விற்பார்கள். அதில் வரும் ஓ-ரிங்குகள் ஸ்பூலின் இரண்டு முனைகளிலும் ஒயில் வெளியே ஒழுகாமல் இருப்பதற்கானவை. உள்ளே நழுவுவதை அவை தடுப்பதில்லை. லீவர் அடியில் ஒயில் கசிந்தால் அந்தக் கிட் போடுங்கள், கை இறங்குவதற்கு அது மருந்தல்ல. ஸ்பூலை மட்டும் புதிதாக வாங்கிப் போடுவதும் பெரும்பாலும் சரிவராது. ஒவ்வொரு ஸ்பூலும் அதன் துளைக்கென்றே பொருத்திக் கடையப்பட்டது. வால்வை முழுவதுமாக மாற்ற வேண்டும், அல்லது துளையைச் சீர்செய்து ஸ்பூலுக்குக் குரோம் ஏற்றி மறுபடி பொருத்தத் தெரிந்த லேத் வேலைத்தலத்தில் கொடுக்க வேண்டும். 2022 நெருக்கடியில் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறிய பிறகு, இறக்குமதிச் சாமானின் விலையைக் கேட்டுவிட்டுப் பலர் இந்த இரண்டாவது வழிக்குப் போனார்கள். வேலைக்காரன் கெட்டிக்காரனாக இருந்தால் அது மோசமான வழியல்ல.

செக் வால்வு ஒன்றை இடையில் பூட்டினால் தீர்ந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பெக்கோவின் பக்கத்துக் கால்கள் இறங்காமல் நிற்க அப்படியான பூட்டு வால்வுகள் தொழிற்சாலையிலேயே வருவது உண்டு. கால்கள் ஊன்றியபடி நிற்க வேண்டியவை, அங்கே அது பொருத்தம். ஆனால் ஓயாமல் ஏறி இறங்கும் லோடர் கையில், கணக்குப் பார்க்காமல் பூட்டினால் இறக்கும்போது கை குதித்துக் குதித்து வரும். மூடையோ உமியோ நிரம்பிய பக்கெட் குதிப்பது யாருக்கும் நல்லதல்ல.

உழவு இயந்திரத்தின் பின் தூக்கி

வயலில் நிற்பவர்களுக்குப் பின்பக்கத்துத் தூக்கிதான் பெரிய தலையிடி. ஹரி பேர்கசன் என்ற அயர்லாந்துக்காரர் உருவாக்கிய மூன்று புள்ளி இணைப்பு 1939இல் ஃபோர்டின் 9என் உழவு இயந்திரத்தோடு பரவலாகச் சந்தைக்கு வந்தது. இன்று எமது வயல்களில் ஓடும் மெஸியும் அந்த வழிதான். இதில் சிலிண்டருக்கு ஒரு பக்கம் மட்டுமே ஒயில். ஒயில் தூக்குகிறது, பாரம்தான் இறக்குகிறது. ஆகவே மேலே சொன்ன பத்துக் கொத்துக் கணக்கு இங்கே செல்லாது. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் நேராகவே கசியும், கலப்பை இறங்கும்.

மெஸி 135 போன்றவற்றில் சிலிண்டர், பம்ப், குழாய் எல்லாமே பின்பெட்டிக்குள், கியர் ஒயிலுக்குள்ளேயே இருக்கின்றன. கசிந்த ஒயில் அதே பெட்டிக்குள் விழுவதால் வெளியே எதுவும் தெரியாது. தெரிவது வேறொன்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ரொட்டவேட்டரை உயர்த்தி வைத்தால் அது தலையாட்டும். கொஞ்சம் இறங்கும், கைகள் இறங்கியதை உணர்ந்து வால்வு திறக்கும், பம்ப் தூக்கும், மறுபடி இறங்கும். எப்போதாவது ஒரு தடவை ஆடினால் விட்டுவிடலாம். இடைவிடாமல் ஆடினால் உள்ளே நல்ல கசிவு இருக்கிறது. அந்த ஆட்டம் பம்பையும் சேர்த்துத் தின்னும்.

இங்கேயும் பிஸ்டன் ரிங்கை மட்டும் குறை சொல்ல முடியாது. பம்பிலிருந்து சிலிண்டருக்கு ஒயில் கொண்டு போகும் குழாயின் ஓ-ரிங் போயிருக்கலாம், பம்பிலுள்ள வால்வாக இருக்கலாம், ரிலீஃப் வால்வாகவும் இருக்கலாம். மேல் மூடியைத் தூக்குவது பெரிய வேலை. அதற்கு முன் ஒயிலைக் கொஞ்சம் இறக்கி, பக்க மூடியைத் திறந்து, பாரத்தை உயர்த்தி வைத்து டோர்ச் அடித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எங்கிருந்து ஒயில் ஒழுகுகிறது என்று கண்டுவிடுவார். ஓ-ரிங்குக்குப் போகும் பணம் சொற்பம். பாராமல் பிஸ்டன், சிலிண்டர் என்று மாற்றினால் ஒரு போகத்து வாடகை போய்விடும். பெரும்போகம் தொடங்கிய பிறகு இதைச் செய்வதைவிட, அறுவடை முடிந்து இயந்திரம் சும்மா நிற்கும் நாட்களில் செய்வது புத்தி.

கியர்பெட்டிக்கும் தூக்கிக்கும் ஒரே ஒயில் என்பதால் வேறொரு தவறும் நடக்கிறது. மட்டம் குறைந்தால் கையில் கிடைத்ததை ஊற்றுகிறார்கள். சேற்று வயலில் ஓடும் இயந்திரத்துக்குள் தண்ணீரும் போகிறது. மட்டக்கோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எந்த ரிங்கை மாற்றினாலும் ஆயுள் இருக்காது.

பழைய இயந்திரம் வாங்குபவர்களுக்கு

விற்பவர் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னால் போங்கள், ஆனால் பத்து மணி வரை இருங்கள். குளிர்ந்த ஒயிலில் எந்த லோடரும் நல்ல பிள்ளைதான். அரை மணித்தியாலமாவது நன்றாக வேலை செய்வித்து, ஒயில் சூடான பிறகு பக்கெட்டில் மண் நிரப்பி, கையை உயர்த்தி, எஞ்சினை நிறுத்துங்கள். சிலிண்டர் தண்டில், வாய்ச் சீலுக்குப் பக்கத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டு நேரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து எழுதி வையுங்கள். அதே நாளில் இரண்டாவது இயந்திரம் பார்த்தால் அதையும் அதே மாதிரி அளவுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இலக்கம் இருக்கும்.

ஒயிலையும் விரலில் தொட்டுப் பாருங்கள். கசிவை மறைப்பதற்காகத் தடிப்பான கியர் ஒயிலை ஊற்றி விற்கும் பழக்கம் இருக்கிறது. தடித்த ஒயில் மெதுவாக நழுவும், கை நிற்கும். ஆனால் பம்ப் அதை உறிஞ்ச முடியாமல் முனகும், சில மாதத்தில் பம்பும் போகும். எஞ்சினை இயக்கியதும் பம்பிலிருந்து கீச்சிடும் சத்தம் வந்தால், ஒயில் தேன் போல வழிந்தால், விலை பேசுவதை நிறுத்திவிட்டு ஏன் என்று கேளுங்கள். விற்பவர் எமது சகோதரராக இருந்தாலும் கேளுங்கள். விற்பவராக நீங்கள் இருந்தால் கேட்க முன்பே சொல்லிவிடுங்கள்.

கை இறங்குகிறது என்பதற்காக நல்ல இயந்திரத்தை விட்டுவிடவும் வேண்டாம். பலமாகத் தூக்குகிறது, ஒரு மணித்தியாலத்தில் சில அங்குலம்தான் இறங்குகிறது என்றால், மணல் அள்ளுபவருக்கு அது ஒரு பொருட்டல்ல. அள்ளுகிறோம், கொட்டுகிறோம், நிறுத்தி வைக்கிற வேலை இல்லை. மூடை அடுக்கவோ, கொங்கிறீற்றுச் சட்டத்தை உயர்த்திப் பிடிக்கவோ, வயல் மட்டப்படுத்தவோ பாவிப்பவருக்கு அதே இறக்கம் தொழிலைக் கெடுக்கும். விலையைக் குறைத்துப் பேச அதுவே காரணமாகட்டும்.

கீழே போகும் ஆட்கள்

இவ்வளவும் பணக் கணக்கு. ஆளின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. எமது ஆலையில் வேலை செய்த ஒரு தம்பி, கை உயர்ந்து நிற்க, எஞ்சின் நின்றிருக்க, கீழே குனிந்து கிரீஸ் அடித்துக் கொண்டிருந்தான். மெதுவாக இறங்கும் கைதானே, இறங்க முன் வெளியே வந்துவிடலாம் என்ற துணிச்சல். மேலே சீற்றில் துடைத்துக் கொண்டிருந்த இன்னொருவனின் சாரம் லீவரில் சிக்கியது. எஞ்சின் நின்றிருந்தாலும் இறங்குவதற்கு எஞ்சின் தேவையில்லை, பாரம் போதும். கை விழுந்தது. அல்லாஹ்வின் உதவியால் அவன் அந்த நொடியில் கிரீஸ் துப்பாக்கியை எடுக்கப் பக்கமாகச் சாய்ந்திருந்தான். துப்பாக்கி நசுங்கியது. அன்றைக்குப் பிறகு ஆலையில் முட்டுக் கொடுக்காமல் யாரும் கீழே போவதில்லை.

தானாக மெல்ல இறங்குவது கண்ணுக்குத் தெரியும், ஒதுங்க நேரமும் தரும். அதற்குப் பழகிப் போனவர்கள் ஹோஸ் வெடிப்பதையும் லீவர் தட்டுப்படுவதையும் மறந்துவிடுகிறார்கள். அவை நேரம் தருவதில்லை. டிப்பர் பெட்டியை உயர்த்தி அடியில் வேலை செய்பவர்களுக்கும், சேவிஸ் நிலையத்தில் வாகனத் தூக்கியின் கீழ் நிற்பவர்களுக்கும் இதே விதிதான். ஒயிலை நம்பி யாரையும் கீழே அனுப்ப வேண்டாம். இரும்பு முட்டு, பூட்டுக் கொக்கி, ஊன்றுகோல், எது உண்டோ அது விழுந்த பின்னரே ஆள் கீழே போகட்டும். வேலை முடிந்தால் பக்கெட்டும் கலப்பையும் நிலத்தில் இருக்கட்டும். நிலத்தில் இருப்பது இறங்காது.

ஹோஸில் நுண்ணிய துளை இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். கார் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது இறாத்தல் அளவில் அழுத்தம். இந்த ஹோஸ்களில் இரண்டாயிரம் மூவாயிரம் இறாத்தல். ஊசித்துளையால் பீறிடும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்க ஊசி குத்தியது போலச் சிறிய புள்ளிதான், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் சில மணித்தியாலங்களில் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கடதாசி மட்டைத் துண்டைப் பிடித்துத் தேடுங்கள். அப்படிக் காயம்பட்டால் மருந்துக்கடைக்குப் போகாமல் நேரே பெரிய வைத்தியசாலைக்குப் போய், அழுத்தத்தோடு ஒயில் ஏறியது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எமது லோடருக்குப் பழைய வால்வு ஒன்றைத் தேடிப் பிடித்து அந்தப் பாஸ் பூட்டித் தந்தார். ஃபில்டரையும் ஒயிலையும் மாற்றச் சொன்னார், மாற்றினேன். ஐம்பத்தெட்டாயிரம் ரூபா போனது. இப்போதும் உமிப் பக்கெட்டோடு உயர்த்தி விட்டுப் பகல் சாப்பாட்டுக்குப் போய் வந்தால் ஒரு சாண் இறங்கித்தான் நிற்கிறது. விட்டிருக்கிறேன்.